அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்

பிஸெர்ட்,
2 பிப்ரவரி 1988

அன்புள்ள அண்ணி,

இன்று காலை போனில் நான் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்றேன். அப்பா சுகமாக இல்லை. குளிர் அதிகம், அதனால் அப்பா வீட்டை விட்டு நகர்வதில்லை என்றேன். அவர் வீட்டிலேயே இல்லை. போன மாத நடுவிலிருந்து குன்றின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார்.

உங்கள் பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் தபாலாபீஸ் வரிசை முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் காதை நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்குள்ளேயே பெயர் சொல்லாத நோயை அங்கே எப்படிச் சொல்வது? நுரையீரலில் இருக்கிறது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "கோடைக்கு எந்த ஏற்பாடும் வெச்சுக்காதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நிற்பான், எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுத நினைத்தது உங்களுக்குத்தான்.

அப்பா குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வார்டுக்கு யாராவது வந்தால் வந்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய இடுப்புக்குக் கீழே, பின்பக்கமாகப் பார்க்கிறார். முதலில் எனக்குப் புரியவில்லை. குழந்தை ஒளிந்துகொண்டு நிற்கும் உயரம் அது.

கைரவானில் உங்கள் அப்பா போனபோது நடந்தது எனக்குத் தெரியும். அதனால் 'வாருங்கள்' என்று எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உங்கள்,
ரவ்தா


தத்தாவின்,
11 பிப்ரவரி 1988

ரவ்தா,

உன் கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, நீ எழுதவில்லை. நானே எழுதுகிறேன். யுஸ்ராவையும் ஸுஹைரையும் அழைத்துக்கொண்டு வருவேனா? மாட்டேன்.

உனக்குத் தெரியும் என்கிறாய். எவ்வளவு தெரியும்? நீ அந்தக் கோடையில் நூலகப் பயிற்சி என்று தலைநகரத்தில் இருந்தாய். அதனால் முழுக்கச் சொல்கிறேன், ஒரு தடவை சொல்லித் தொலைக்கிறேன்.

என் அப்பா கிடையில் விழுந்துவிட்டார் என்று தந்தி வந்தபோது நாங்கள் உங்கள் வீட்டில் இருந்தோம். யுஸ்ராவுக்கு வெள்ளைக் கவுன் போட்டுத் தலைவாரி வாசலுக்கு வந்தேன். மாமா அங்கே நின்றார். "குழந்தைக்கு ஈரக்குலை இளசு, மகளே. சாவுப் படுக்கையைப் பாக்கக் கூடாது. நீ போயிட்டு வா. புள்ளையை நாங்க பாத்துக்கறோம்" என்றார். யுஸ்ராவின் கையை என் கையிலிருந்து பிரித்து எடுத்தார். முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாகத்தான், ஒவ்வொரு விரலாக. உன் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கைரவானில் கதவு கிரீச்சிட்ட போதெல்லாம் என் அப்பா கண்ணைத் திறந்து, "யுஸ்ராவா?" என்பார். "வந்துக்கிட்டே இருக்காப்பா" என்பேன். கடைசி வரைக்கும் வந்துகொண்டே இருந்தாள். பெற்றவருக்கு நான் கொடுத்தனுப்பியது ஒரு பொய்.

உன் அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எப்போதோ ஆறியிருக்கும். இப்போது அவருக்கே வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷத்தில் என் பிள்ளையின் ஈரக்குலை முற்றிவிட்டதாமா?

உன் அண்ணன் வருகிற வாரம் தனியாக வருகிறார். அவரிடம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புகிறேன். கொட்டை எடுத்து, நசுக்கிப் பாலில் போட்டுக் கொடு. நோயாளிக்குச் செய்வதைச் செய்வேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

நஸீஹா


பிஸெர்ட்,
24 பிப்ரவரி 1988

அன்புள்ள அண்ணி,

பழம் வந்தது. நீங்கள் சொன்னபடியே பாலில் போட்டுக் கொடுத்தேன். பாதிக் கிண்ணம் இறங்கியது. இப்போதெல்லாம் அது பெரிய சாப்பாடு.

அண்ணன் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். அவ்வளவு நேரமும் இருவரும் பேசவில்லை. முகத்தைத் துடைக்கும்போது அப்பா, "புள்ளைங்க?" என்றார். அண்ணன், "ஸ்கூல்" என்றான். "நல்லது. படிக்கட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் போன பிறகு பக்கத்துக் கட்டில் பெரியவர் ஜீலானி ஆரம்பித்தார். ஆயுள் முழுவதும் கடலில் மீன் பிடித்தவர். இப்போது ஒரு கால் இல்லை, வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஏன்யா அலாலா, உன் மகன் சவரம் பண்ண வந்தானா, உன்னைப் பாக்க வந்தானா? கூலி வாங்காத நாவிதன் மாதிரி போறானே."

"என் மகன்தானே. பேச்சு எங்கேருந்து வரும்?"

"பேரனுக்குச் சுன்னத்து ஆச்சா?"

"இந்த வசந்தத்துல. ஜுப்பாகூடத் தெச்சு ரெடியா இருக்கு. ரவ்தாவைக் கேளு."

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வார்டில் இருந்த அத்தனை கிழவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜுப்பா தைத்தது உண்மை. இருமல் தொடங்குவதற்கு முன்பே தைத்துவிட்டார். மற்றது அவருடைய ஆசை. நான், "ஆமா, பள்ளி விடுமுறையில" என்று சொல்லிவிட்டேன். அண்ணி, அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது விருந்துக் குஸ்குஸை ஆட்டிறைச்சி போட்டுச் செய்வதா மீன் போட்டா என்று வார்டு இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. கஞ்சியைக்கூட விழுங்க முடியாதவர்கள்தான் அதிகமாகக் கத்துகிறார்கள்.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று செய்தது சரி என்று அப்பா இன்னும் நினைக்கிறாரா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படுத்திருப்பவரைக் கேள்வி கேட்பது சுலபம், அவரால் எழுந்து போக முடியாது. அதனாலேயே கேட்கப் பிடிக்கவில்லை.

கதவு கிரீச்சிட்டால் அப்பாவும் கண்ணைத் திறக்கிறார். இதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. பார்த்ததை எழுதினேன்.

ரவ்தா


தத்தாவின்,
4 மார்ச் 1988

ரவ்தா,

என் மகனுக்கு நாள் குறிக்க நீ யார்? ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, கத்தி வைத்து, அழ அழக் கட்டிலருகே நிறுத்த வேண்டுமா, உன் வார்டுக் கிழவர்கள் வாய் ருசிக்கு? பிறகு 'தாத்தா' என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு வலிதான் ஞாபகம் வரும். கோடையில் செய்வோம் என்று முடிவு செய்திருக்கிறோம். கோடையில்தான் நடக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் மளிகைக்காரர் மனைவி யுஸ்ராவை வழியில் நிறுத்தி, "உங்க தாத்தாவுக்குத் தேவலையா, கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். (போனில் நீ எதுவும் சொல்லவில்லைதான். உன் குரலை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிட்டது.) யுஸ்ரா ஓடி வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல?"

"பிஸெர்ட் தாத்தாவுக்கு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"இவரையும் எனக்குக் காட்டாமலே அனுப்பிடுவீங்களா?"

இவரையும். நான் என் மாமனாரிடம் கேட்க இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வியை என் மகள் என்னிடம் கேட்டுவிட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உன் அண்ணன் செருப்பைப் பார்த்தது போல.

விடுமுறையில் வருகிறேன். உன் அண்ணன் வரமாட்டார், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது. ஆனால் கேட்டுக்கொள். கத்தி என்ற பேச்சே கூடாது. ஸுஹைர் வெளியே போக வேண்டும் என்றால் அந்த நொடியே அவனை வெளியே கொண்டுவர வேண்டும். குழந்தைகளிடம் பயணம், மெக்கா, பாரிஸ் என்று யாரும் கதை விடக் கூடாது. தாத்தா சாகப்போகிறார் என்று நானே சொல்லிவிட்டேன். நான் உள்ளே வரமாட்டேன். வாசல் வரைக்கும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் நிலையத்துக்குப் போய்விடுவோம். வீட்டுக்குக் கூப்பிடாதே.

நஸீஹா


பிஸெர்ட்,
12 மார்ச் 1988

அன்புள்ள அண்ணி,

எல்லாவற்றுக்கும் சரி. வீட்டுக்குக் கூப்பிடமாட்டேன்.

குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாத்தாவின் முகம் சின்னதாகிவிட்டது, காது மட்டும் பழைய அளவில் இருக்கிறது. மூக்கில் ஒரு குழாய் இருக்கும், அது வலிக்காது. கை மஞ்சளாக இருக்கும், தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். அது தூக்கம்தான். அறை முழுக்க டெட்டால் வாடை, அதற்குக் கீழே இன்னொரு வாடை. யுஸ்ராவுக்கு ஆரஞ்சுப்பூத் தண்ணீர் நனைத்த கைக்குட்டை ஒன்று வைத்திருக்கிறேன்.

ஒரே தொல்லை: பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வார்டில் அனுமதியில்லை. வாயிற்காவலர் ஹம்தா, தன் சொந்தப் பேத்தியையே திருப்பி அனுப்பியவர். ஏதாவது வழி செய்கிறேன்.

ரவ்தா


பிஸெர்ட்,
28 மார்ச் 1988

அன்புள்ள அண்ணி,

நேற்று வாசலில் குழந்தைகளை உங்களிடம் ஒப்படைத்தபோது, "எப்படி இருந்தது?" என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. குழந்தைகள் வழியில் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஸுஹைரைப் பின்பக்கமாக அழைத்துப் போய் அந்த ஜுப்பாவையும் சிவப்புத் தொப்பியையும் போட்டது நான்தான். நீங்கள் யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று கேட்கவில்லை. சுன்னத்து உடுப்பில் வருகிற பிள்ளையை நம் ஊரில் எந்த வாசலும் திருப்பி அனுப்பாது. ஹம்தாவும் அனுப்பவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை வர்றாரு! ஆச்சாம்மா, இனிமேதானா?"

"ஆச்சு" என்றேன். இனிமேல்தான் என்றிருக்கலாம். எனக்குப் பொய்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை.

"எப்போ?"

"நேத்து."

ஹம்தா ஸுஹைர் நடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து அவன் காதில், "வலிக்கிற மாதிரி நட கண்ணு" என்றேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும். இடது காலை இழுத்து இழுத்து நொண்டினான். நீண்ட வராந்தா முழுக்க அப்படியே போனான். மாப்பிள்ளைக்குத் துணை என்பதால் யுஸ்ராவையும் யாரும் தடுக்கவில்லை; அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அசைக்காமல், ஏதோ அரசகுமாரனைக் கூட்டிப் போவது போல வந்தாள்.

வார்டில் குலவைச் சத்தம் கிளம்பியது. ஆண்கள் குலவையிட்டு நான் கேட்டதில்லை. ஜீலானிதான். பிஸ்கோத்து, சர்க்கரைக் கட்டி என்று தலையணைக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்து ஸுஹைரின் தொப்பியில் போட்டார்கள். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். அவன் நொண்டிக்கொண்டு கட்டிலருகே வந்து நிற்கும் வரை பார்த்தார்.

"ஸுஹைர், உனக்கு எந்தக் கால்ல செஞ்சாங்க?"

ஸுஹைர் யோசித்தான். "இந்தக் கால்ல" என்றான்.

அப்பா சிரித்தார், அண்ணி. குழாய் கழன்று விழுந்தது. இருமல் வந்தது, நர்ஸ் ஓடி வந்தாள், நான் பயந்துவிட்டேன். இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார். ஜீலானி தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அலாலா, எனக்கும் கால்லதான் செஞ்சாங்க, ஆனா டாக்டரு கொஞ்சம் தாராளமா வெட்டிட்டாரு" என்றார். நர்ஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தைதான் இப்படி நடக்கச் சொன்னாங்க. நெஜமா இன்னும் ஆகல" என்று ஸுஹைர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அப்பா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவசரம் என்ன? கோடையில பண்ணட்டும்" என்றார்.

"நீங்க வருவீங்களா தாத்தா?"

"இல்லடா. நான் அப்போ இருக்கமாட்டேன்."

"சரி" என்றான் ஸுஹைர். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உங்கள் ஊர்க் கறுப்பு வண்டு, உயிரோடு. அது வெள்ளைப் போர்வையின் மேல் நடந்து அப்பாவின் விரல்களில் ஏறியது. அவர் கையை அசைக்கவில்லை. அது மறுபக்கம் இறங்கும் வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு ஸுஹைர் வெளியே போகணும் என்றான். நீங்கள் சொன்னபடி உடனே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். யுஸ்ரா வரமாட்டேன் என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஸுஹைரை நர்ஸ் அறையில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அதனால் முதலில் பேசியது எனக்குத் தெரியாது. நான் கேட்டது இதிலிருந்துதான்:

"கைரவான் தாத்தாவைப் பாக்கப் போகக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"ஏன்?"

"நீ பயந்துடுவேன்னு நெனச்சேன்."

"நான் இப்போ பயப்படலையே."

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் பண்ணினது தப்பு, யுஸ்ரா. என்னைப் பொறுத்துக்கறியா?" என்றார்.

படுத்திருக்கிறவர் இப்படிக் கேட்பதும், வந்தவர் 'அல்லாஹ் பொறுத்துக்கொள்வான், நானும் பொறுத்தேன்' என்று ஒரே மூச்சில் சொல்வதும் நம் வழக்கம்தானே. யாரும் யோசிப்பதில்லை. நானே போன வாரம் யோசிக்காமல் சொன்னேன். யுஸ்ராவுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவள் யோசித்தாள்.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஜீலானி, "அட, சரின்னு சொல்லிடு புள்ள!" என்று பதறினார். அப்பா கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

"அவ சொல்றதுதான் சரி. கேட்டுட்டே சொல்லும்மா."

பிறகு தூங்கிவிட்டார். யுஸ்ரா அவர் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை அவள் ஒரு தடவைகூட மூக்கருகே கொண்டுபோகவில்லை.

அவள் கேட்டாளா? நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து அப்பா தபால்காரன் வந்தானா என்று கேட்கிறார்.

ரவ்தா


தத்தாவின்,
2 ஏப்ரல் 1988

ரவ்தா,

நொண்டி நடந்ததை ஸுஹைர் பஸ்ஸிலேயே நடித்துக் காட்டிவிட்டான். நடத்துனருக்கும் காட்டினான். ஜுப்பா விஷயத்துக்காக உன் மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சிரித்துவிட்டேன், இனி என்ன செய்ய.

யுஸ்ரா ஸ்ஃபாக்ஸ் தாண்டும் வரை வாய் திறக்கவில்லை. பிறகுதான் சொன்னாள். "நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"உன்கிட்டதானே கேட்டாரு. உன் பங்குக்கு நீயே சொல்லு" என்றேன்.

"எனக்குப் பங்கு இருக்கா?"

"இருக்கு. கைரவான் தாத்தா உனக்கும் தாத்தாதானே."

"அப்போ நான் பொறுத்துக்கிட்டேன். உங்க பங்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஆலிவ் மரம், ஆலிவ் மரம், வேறெதுவும் இல்லை. காபெஸில் தண்ணீர் வாங்க இறங்கினேன். திரும்பி ஏறும்போது முன் இருக்கைக் கிழவர் ஒருவரிடம் இவள் பேசிக்கொண்டிருக்கிறாள். "எங்க தாத்தா செத்துப்போகப் போறாரு. நான் போய்ப் பாத்தேன். கை சூடாத்தான் இருந்துச்சு. பயமாவே இல்ல." கடைக்குப் போய்வந்ததைச் சொல்வது போலச் சொல்கிறாள்.

படியிலேயே நின்றுவிட்டேன். அன்று கைரவானுக்குக் கூட்டிப் போயிருந்தால் என் அப்பாவைப் பற்றியும் இப்படித்தான் சொல்லியிருப்பாள். இதை நினைத்ததும் கோபம் தணிந்தது என்று எழுதினால் பொய். கூடியது. தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மெதெனின் வரைக்கும் அழுதேன். யுஸ்ரா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். ஆரஞ்சுப்பூ வாசனை அடித்தது.

வீட்டுக்கு வந்து இத்தனை நாள் யோசித்தேன். மாமாவிடம் இதைச் சொல்:

'யுஸ்ரா பொறுத்துக்கொண்டாள். நஸீஹாவும் பொறுத்துக்கொண்டாள். என் அப்பாவின் பங்கை நீங்களே அவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் நல்ல மனிதர்.'

இனி எழுதுவது உனக்கு மட்டும். முழுக்கப் பொறுத்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை. முக்கால்வாசி இருக்கும். ஆனால் போகிறவர் கையில் முக்காலைக் கொடுத்து என்ன செய்ய? முழுதாகவே கொடு. மிச்சம் என்னோடு இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நஸீஹா


பிஸெர்ட்,
8 ஏப்ரல் 1988, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

இது உங்கள் கைக்கு வரும்போது தந்தியைப் பார்த்து, இங்கே வந்து, திரும்பியும் போயிருப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு வராது.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பா நல்ல தெளிவில் இருந்தார். அவருக்கென்று நீங்கள் எழுதியதை மட்டும் படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன். ஜீலானி தன் கட்டிலிலிருந்தே, "அல்ஹம்துலில்லாஹ்! ஆளு பரீட்சை எழுதிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதிரி கெடந்தான்" என்றார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை.

"அன்னிக்குப் புள்ளைங்களை யார் கூட்டிட்டு வந்தது?" என்றார்.

"அண்ணி."

"நஸீஹா வந்தாளா? எங்கே?"

"வாசல்ல இருந்தாங்க."

"வெயில்லயா?"

"மரத்தடியில."

"எவ்வளவு நேரம்?"

"நாங்க வெளிய வர்ற வரைக்கும்."

"நாற்காலி கொண்டுபோய்ப் போட்டியா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"காபி குடுத்தியா? தண்ணி?"

"இல்லப்பா."

"நம்ம வாசல்ல வந்து ஒருத்தி தரையில உக்காந்துட்டுப் போயிருக்கா. உன்னை இப்படியா வளத்தேன்?" என்றார். மூச்சு இருந்த வரைக்கும் திட்டினார். என்னை அவர் இவ்வளவு கோபமாகத் திட்டிப் பல வருஷம் ஆகிறது. பிறகு களைத்துப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் போர்வையைச் சரி செய்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது, "நல்ல பொண்ணு" என்றார். அது உங்களைத்தான், என்னை இல்லை.

அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை. நேற்று முழுதும் தூக்கம்.

அப்பா இன்று காலை இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கை சூடாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அடக்கம் ஆனபோது நீங்கள் வர வேண்டிய பஸ் தத்தாவினிலிருந்து இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

ரவ்தா